விழாவுக்கு முந்தைய 21 நாட்கள்: பின்னாலிருந்து எண்ணிப் படித்த ஒரு பாடம்

குறுவள மைய அளவிலான கலைத் திருவிழாவை நம் பள்ளியில் நடத்த வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னபோது கையில் இருந்தவை 21 நாட்கள். சனி, ஞாயிறு போக 15 வேலை நாட்கள். மயிலாப்பூர்ப் பகுதியில், சுற்றிலும் வீடுகள் நெருங்கிய நடுநிலைப் பள்ளி எங்களுடையது. மைதானம் சிறியது. மழைக்காலம் வேறு. ஆசிரியர் அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

எனக்கு மட்டும் வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் ஒரு போட்டி நாளை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கோலம், தோரணம், விருந்தினருக்குப் பொன்னாடை எல்லாம் சரியாக இருந்தன. பேச்சுப் போட்டிக்குச் சக்கர நாற்காலியில் ஒரு மாணவன் வந்தான். மேடைக்குச் செல்லும் சாய்தளத்தின் மேல்தான் வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தோம். எடுக்க நேரமில்லை என்று இரண்டு ஆசிரியர்கள் அவனை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். அவன் நன்றாகவே பேசத் தொடங்கினான், நடுவில் நிறுத்திவிட்டான். நாங்கள் கைதட்டி ஊக்கப்படுத்தினோம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தை தானாக ஏறி வருவதற்கு ஒரு வழி இருந்தது. அதை அடைத்தது நான்.

அந்தப் பள்ளியிலும் விழா வேலைகளை மாணவர்கள்தான் செய்தார்கள். பெஞ்சு தூக்கினார்கள், கயிறு கட்டினார்கள், தண்ணீர் எடுத்து வந்தார்கள். ஆனால் 'இது எதற்கு, இதற்கு முன் என்ன நடக்க வேண்டும், இது தவறினால் யாருக்குச் சிரமம்' என்று ஒருவரையும் யோசிக்க விடவில்லை. நானும் யோசிக்கவில்லை. இந்த முறை விழா முந்தைய நாட்களையே எட்டாம் வகுப்புக்குப் பாடமாக ஆக்கலாம் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பாடவேளைக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அந்த நிபந்தனை நல்லதுதான் என்று பின்னால் தெரிந்தது.

முதல் நாள்: நம் ஊரில் நடந்த பெரிய விழா

விழா ஏற்பாடு என்பதைக் குழந்தைகளுக்கு விளக்க அவர்களே பார்த்த ஒன்று தேவைப்பட்டது. 44-வது சதுரங்க ஒலிம்பியாட்டை எடுத்துக்கொண்டேன். 2022-ல் இவர்கள் சின்ன வகுப்பில் இருந்தார்கள். ஆனாலும் வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற 'தம்பி' குதிரையை எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள். "நேப்பியர் பாலத்துல கட்டம் கட்டமா பெயின்ட் அடிச்சிருந்தாங்க மிஸ், பஸ்ல போகும்போது பார்த்தேன்" என்றாள் ஒருத்தி.

கரும்பலகையில் இரண்டு தேதிகளை எழுதினேன். அந்தப் போட்டி முதலில் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் மீது போர் தொடங்கியதும், பிப்ரவரி இறுதியில், ஃபிடே எனப்படும் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை அங்கிருந்து மாற்றியது. மார்ச் நடுவில் சென்னைக்குக் கிடைத்தது. தொடக்க விழா ஜூலை 28. மார்ச் 15 என்று வைத்துக்கொண்டால் எத்தனை நாள்? மார்ச்சில் மீதம் 16, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலையில் 28. மொத்தம் 135. வழக்கமாக ஆண்டுக் கணக்கில் தயாராகும் ஒரு போட்டிக்கு நான்கரை மாதம்தான் இருந்தது.

"அப்போ எங்கிருந்து வேலையைத் தொடங்கியிருப்பாங்க?" என்று கேட்டேன். "மார்ச்லேர்ந்து" என்றார்கள் பலர். "ஜூலை 28-லேர்ந்து" என்றான் ஒருவன். அவன் அப்பா பந்தல் போடும் வேலை செய்பவர். "எங்கப்பா முதல்ல முகூர்த்தம் எத்தனை மணின்னுதான் கேப்பாரு மிஸ். அப்புறம் சமையல்காரர் எப்ப வருவாரு, சேர் எப்ப வரணும், பந்தல் எப்ப முடிக்கணும்னு பின்னாடி போவாரு."

பாடத்தின் மையக் கருத்தை அவனே சொல்லிவிட்டான். கடைசி நாளை முதலில் எழுதி அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். நான் அதற்கு ஒரு பெயர் மட்டும் வைத்தேன்: பின்னெண்ணும் நாட்காட்டி.

எண்களைப் பிரித்துப் பார்த்தோம்

ஒலிம்பியாட்டின் எண்கள் எட்டாம் வகுப்புக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகின்றன. பொதுப் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162 அணிகள். ஒரு சுற்றில் ஓர் அணிக்கு நான்கு பேர் ஆடுவார்கள். அப்படியானால் ஒரே நேரத்தில் எத்தனை பலகைகள் வேண்டும்?

188 அணிகள் என்றால் 94 ஆட்ட இணைகள்; ஒவ்வொன்றுக்கும் 4 பலகைகள் என 376. மகளிரில் 81 இணைகள், 324 பலகைகள். கூட்டினால் 700. நாற்காலிகள் 1,400. முழு எண்ணாக வந்ததும் வகுப்பில் ஒரு மகிழ்ச்சி. "கரெக்டா 700 பலகை வாங்கினா போதுமா?" என்று கேட்டேன். "ஒண்ணு கெட்டுப்போனா?" என்று பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. உபரி என்ற கருத்தை நான் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை.

இந்தியாவுக்கு ஏன் ஒவ்வொரு பிரிவிலும் மூன்று அணிகள் என்பதும் நல்ல கேள்வி. நடத்தும் நாடு கூடுதலாக ஓர் அணியைக் களமிறக்கலாம். அதன் பிறகும் மொத்தம் ஒற்றைப்படையாக இருந்தால் ஓர் அணிக்கு எதிராளி இருக்காது. அதைச் சரிசெய்யவே நடத்தும் நாட்டுக்கு மூன்றாவது அணி. மூன்றாவது அணி இல்லாவிட்டால் 187, 161 என இரண்டு பிரிவுகளிலும் ஒற்றைப்படைதான் வரும். யாரும் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக ஒரு விதி இருக்கிறது என்று நான் சொன்னபோது, அந்தச் சாய்தளத்தை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது சுடர் ஓட்டம். ஜூன் 19-ல் டெல்லியில் தொடங்கி 40 நாளில் 75 நகரங்கள். ஜூன் 19 முதல் ஜூலை 28 வரை கழித்துப் பார்த்தவர்களுக்கு 39 வந்தது. விரல்விட்டு எண்ணியவர்களுக்கு 40. சண்டையே வந்துவிட்டது. தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணினால் 40. இடைவெளியை மட்டும் எண்ணினால் 39. நாட்களை எண்ணுவது வேறு, நாட்களுக்கு இடையிலான தூரத்தை எண்ணுவது வேறு. இந்தச் சிறிய வேறுபாடு அடுத்த வாரம் எங்கள் விழாவையே காப்பாற்றியது.

எங்கள் நாட்காட்டி

இரண்டாம் நாள் வகுப்புச் சுவரில் நீளத் தாள் ஒட்டினோம். வலது ஓரத்தில் விழா நாள். அங்கிருந்து இடப்பக்கமாக 1, 2, 3 என்று 21 வரை கட்டங்கள். ஒவ்வொரு வேலையையும் சிறு தாளில் எழுதி, 'இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்' என்று கேட்டுக் கட்டத்தில் ஒட்ட வேண்டும். தவறானால் பிரித்து ஒட்டலாம்.

பந்தல்காரர் மகன் மறுநாள் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எடுத்து வந்தான். "மிஸ், அதுக்கு அடுத்த நாள் முகூர்த்தம். முந்தின நாளே சேர், மைக் செட் எல்லாம் மண்டபத்துக்குப் போயிடும். இப்பவே சொல்லி வைக்கணும்." நாங்கள் அதை 5-ம் கட்டத்தில் ஒட்டியிருந்தோம். அன்றைக்கே 19-ம் கட்டத்துக்கு மாற்றினோம். குளத்தருகே பூ விற்கும் அம்மாவின் மகள் பூவுக்கும் அதையே சொன்னாள்: முகூர்த்தத்தை ஒட்டி விலை ஏறும், முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும். எந்தப் பாடத்திலும் வாய் திறக்காத பெண் அவள். பத்திருபது ஆண்டுகள் விழா நடத்திய எங்களில் ஒருவருக்கும் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு நேரக் கணக்கு. மேடை நிகழ்ச்சிகள் 24; ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். 120 நிமிடம், அதாவது காலை 10 மணிக்குத் தொடங்கினால் 12 மணிக்கு முடியும் என்று ஒரு குழு எழுதியது. "ஒரு டான்ஸ் முடிஞ்சதும் அடுத்தது உடனே வந்துடுமா?" என்று இன்னொரு குழு கேட்டது. மேடை மாறப் பாட்டுப் போட 3 நிமிடம் என்று வைத்தார்கள். 24 நிகழ்ச்சிகளுக்கு இடையே 24 இடைவெளியா, 23-ஆ? சுடர் ஓட்டம் நினைவுக்கு வந்தது. 23 இடைவெளி, 69 நிமிடம். மொத்தம் 189 நிமிடம். முடியும் நேரம் 1.09. சிறு குழந்தைகளின் சாப்பாட்டு நேரம் 12.30. பசியோடு காத்திருக்கும் குழந்தை எப்படி ஆடும்? அதனால் தனிநபர் போட்டிகளைப் பெரிய வகுப்பறைக்கு மாற்றி இரண்டு இடங்களில் நடத்துவது என்று முடிவாயிற்று. மழை வந்தால் மைதான நிகழ்ச்சிகள் எந்த அறைக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வைத்தோம்.

தண்ணீர்க் கணக்கும் அவர்களுடையதே. 9 பள்ளிகள், பள்ளிக்கு 20 மாணவர், 2 ஆசிரியர் என 198. எங்கள் தரப்பில் 12 பேர். 210 பேருக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 315 லிட்டர். 20 லிட்டர் கேன் எத்தனை? விடை 15.75. "முக்கால் கேன் தர மாட்டாங்க" என்று சிரித்தார்கள். புத்தகத்தில் முழுமையாக்கல் பாடம் நடத்தும்போது இப்படிச் சிரித்ததில்லை.

தமிழ்ப் பாடவேளையில் அழைப்பிதழும், தெருவை அன்று தூய்மையாக வைத்துத் தர வேண்டி மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பமும் எழுதினார்கள். சமூக அறிவியலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை வரைபடம் வரைந்தார்கள். பாடநூலை விட்டு வெளியே போகவில்லை. அதன் பயிற்சிகளுக்கு எங்கள் எண்களைப் போட்டுக்கொண்டோம்.

ஒத்திகை என்பது குறை தேடும் நாள்

ஒலிம்பியாட்டின் ஏற்பாடுகளில் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொன்னது ஒரு நாளைப் பற்றி. தொடக்க விழாவுக்கு நான்கு நாள் முன்னர், ஜூலை 24 அன்று, மாமல்லபுரம் அரங்கில் 1,400-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை உட்கார வைத்து ஒரு போட்டியையே நடத்திப் பார்த்தார்கள். 700-க்கும் மேற்பட்ட மின்னணுப் பலகைகள் ஒரே நேரத்தில் இயங்கின. ஒரு பலகையைத் தனியாகச் சோதித்தால் அது நன்றாகத்தான் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் மின்சாரம் தாங்குகிறதா, நகர்வுகள் திரைக்குச் சரியாக வருகின்றனவா, வாசலில் கூட்டம் தேங்குகிறதா என்பது தெரியும். குறை இருந்தால் சரிசெய்ய அப்போதும் நான்கு நாள் கையில் இருக்கும்.

மயிலாப்பூர்க் குழந்தைகளுக்கு இதைச் சொல்லத் தேர் இருக்கிறது. பங்குனித் தேர் மாட வீதியில் வரும்போது எல்லோரும் வடத்தைப் பார்ப்பார்கள். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நடப்பவரைச் சிலர்தான் பார்ப்பார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில் இருக்கிறது. ஒத்திகையில் நம் வேலை முட்டுக்கட்டைக்காரரின் வேலை என்று சொன்னேன்.

எங்கள் ஒத்திகையை விழாவுக்கு ஐந்து நாள் முன்னர் வைத்தோம். ஒரே விதி: யார் அதிகக் குறை கண்டுபிடிக்கிறார்களோ அந்தக் குழுவுக்குக் கைதட்டல். வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவும் வேறொருவராக மாறிப் பள்ளிக்குள் வர வேண்டும்: முதன்முறை இந்தத் தெருவுக்கு வரும் ஆசிரியர், ஒன்றாம் வகுப்புக் குழந்தை, நாட்டிய உடையில் வரும் மாணவி, வயதான பாட்டி, சக்கர நாற்காலியில் வரும் மாணவர். வாரம் ஒருமுறை வரும் சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டுச் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது ஒருவருடைய கால் என்று அவரே வந்து பேசினார்.

அரை மணி நேரத்தில் 17 குறைகள். பெயர்ப் பலகையை வேப்பங்கிளை மறைக்கிறது. குழாய் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எட்டவில்லை. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியில்லை. உடை மாற்றும் அறையின் சன்னல் தெருவைப் பார்க்கிறது. மேடைக்கு அருகில் பாட்டி பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. சாய்தளம் இருக்கிறது, ஆனால் அதன் அடி மணலில் முடிகிறது. முன் சக்கரம் மணலில் புதைந்து நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்த மாணவன், "மிஸ், இதுக்கு மேல என்னால தனியா வர முடியாது" என்றான். நான் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடைக்காத சாய்தளம் இருந்தால் போதும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை மாணவர்களே வாசித்தார்கள். உறுப்பினராக உள்ள ஒரு கொத்தனார், இரண்டு சட்டி சிமென்ட்டில் சாய்தளத்தின் அடியைத் தரையோடு சேர்த்துவிட்டார். தாழ்ப்பாள் மறுநாளே மாறியது. சன்னலுக்குத் திரை வந்தது. குழாய்க்குக் கீழே ஒரு மரப்பலகை. 17-ல் 14 சரியாயின. மூன்று ஆகவில்லை. ஆகாதவற்றையும் தாளிலிருந்து எடுக்கவில்லை. 'யார் கவனிப்பார்' என்று பெயர் எழுதி விட்டுவைத்தோம்.

விழா நாள்

காலை 11 மணிக்கு மழை பிடித்தது. எங்கே போவது என்று யாரும் ஓடவில்லை. தாளில் எழுதியிருந்தபடி நிகழ்ச்சிகள் அறைகளுக்கு மாறின. பத்து நிமிடம் தாமதம். எல்லாம் சரியாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். காலணிகளை எங்கே விடுவது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மழையில் ஐம்பது ஜோடிகள் நனைந்தன. அது 18-வது குறையாகத் தாளில் ஏறியது.

அன்று சக்கர நாற்காலியில் யாரும் வரவில்லை. பேத்தியின் நடனம் பார்க்க வந்த ஒரு பாட்டி, இரட்டைப் பிள்ளைகளோடு வந்த ஒரு தாய், ஒலிபெருக்கிப் பெட்டியைத் தள்ளி வந்த மைக் செட் தம்பி மூவரும் அந்தச் சாய்தளத்தில் ஏறினார்கள். அதை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன்தான் எனக்குக் காட்டினான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

முதலாவது, திட்டத்தை நாம் எழுதி மாணவரிடம் வேலையை மட்டும் கொடுத்தால் இது பாடமாகாது. யோசிக்கும் பகுதியைத்தான் அவர்களிடம் விட வேண்டும். ஏணி ஏறுவது, மின்கம்பி தொடுவது, பாரம் தூக்குவது பெரியவர்கள் வேலை.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரு பாடவேளை போதும். விழா முடிந்ததும் விட்டுப்போன பாடங்களை ஓடி ஓடி முடிக்க வேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை.

மூன்றாவது, மேடையேறாத மாணவர்களைக் குழுத் தலைவர்களாக வையுங்கள். பந்தல், பூ, சமையல், ஆட்டோ என்று பெற்றோர் செய்யும் தொழில்களில் திட்டமிடும் அறிவு நிறைய இருக்கிறது. அது வகுப்புக்குள் வர வழி வேண்டும்.

நான்காவது, ஒத்திகைக்கும் விழாவுக்கும் இடையே குறைந்தது நான்கு நாள் இருக்கட்டும். முந்தைய நாள் மாலை வைக்கும் ஒத்திகையில் குறை தெரியும். சரிசெய்ய நாள் இருக்காது.

ஐந்தாவது, மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வேண்டாம். 'உன் வீட்டில் அடுத்து வரும் விசேஷத்துக்குப் பின்னெண்ணும் நாட்காட்டி எழுது' என்று சொல்லுங்கள். என் வகுப்பில் அக்காவின் வளைகாப்பு முதல் தம்பியின் பிறந்தநாள் வரை வந்தன. பலர் தாங்களாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'பாட்டி எப்படி மாடி ஏறுவாங்க?'

நடுவில் பேச்சை நிறுத்திய அந்த மாணவன் இப்போது கல்லூரி வயதில் இருப்பான். அவனுக்கு நான் எதையும் திருப்பித் தர முடியாது. எங்கள் பள்ளிச் சாய்தளத்தில் இன்றும் நாற்காலி அடுக்குவதில்லை. புதிதாக வந்த ஓர் ஆசிரியர் ஒருநாள் தெரியாமல் இரண்டு பெஞ்சுகளை அங்கே போட்டுவிட்டார். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி போய், "சார், இது வழி" என்று சொல்லியிருக்கிறாள். அவள் எங்கள் வகுப்பில் இருந்தவள்கூட இல்லை.